பலகையின் அடிப்பக்கம்

பலகை என்றுதான் சொல்கிறோம். அது அலுமினியம்.
இரண்டாக மடியும். ஒரு கைபிடி ஆடும்.
பதினாறு கிலோ. எப்படித் தெரியுமென்றால்
மடியில் வைத்து உருட்டப் பார்த்த முதல்நாள்
கதிரையோடு சேர்த்து முகங்குப்புற விழுந்தேன்.

அடிப்பக்கத்தில் பெயர்கள்,
அழியாத மையில், வேறு வேறு கையெழுத்தில்:
கிளென், ஒஷாவா.
ஃபதூமா, ரெக்ஸ்டேல், மூன்று படி.
விக்னகுமார், மார்க்கம். அதன்கீழ்ச் சின்னதாக
‘இடப்பக்கத் திருகாணி இளகும், கவனம்.’
பிறகு நான்.
பெயர் மட்டும். அன்றைக்கு வேறொன்றும் எழுத வரவில்லை.

நான் கூரையில் இருந்து விழுந்த ஆள்.
ஸ்காபரோவில், ஓகஸ்ட் வெயிலில்,
இன்னும் நாலு வரிசை ஒட்ட இருந்தது.
மார்புக்குக் கீழே அன்றிலிருந்து அக்கரை.

மருத்துவமனை தந்த கைநூல் இருநூறு பக்கம்.
எல்லாம் இருந்தது அதில்,
விக்னகுமார் சொன்னதைத் தவிர:
‘விரிப்பை ஒவ்வொரு இரவும் கையால் தடவிப் பார்.
ஒரு மடிப்புக் கிடந்தாலும் உனக்குத் தெரியாது.
தோலுக்குத் தெரியும்.
ஆனால் அது ஒரு கிழமை கழித்துத்தான் சொல்லும்.’

அரைமணிக்கொருக்கால் கையூன்றி எழும்ப
அவனுடைய கைபேசியில் கோயில்மணி அடிக்கும்.
எனக்கு ஐஸ்கிரீம் வண்டி.
பஸ்ஸில் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்தப் பலகையால்தான் தம்பி வீட்டுக்குப் போவேன்.
இரண்டு படி.
இரண்டே இரண்டு.
மற்ற வீடுகளில் பிறந்தநாள்கள்
படம் பிடித்து அனுப்பப்பட்டன.

மாசியில் சமூகசேவகி அழைத்தாள்.
ஏஜக்சில் ஒரு பெண், நிரோஷினி,
நானூற்றொன்றில் கரும்பனி, கார் மூன்றுதரம் சுற்றியது.
வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடுகிறார்கள்.
விண்ணப்பித்த சாய்தளம் வரப் பதினொரு கிழமை.
‘ம்’ என்றேன்.
ம் என்பது சம்மதமில்லை.
நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

தம்பி வானில் ஏற்றினான், ஒன்றும் கதைக்காமல்.
அவனும் எண்ணியிருப்பான், இரண்டு படி.

கதவைத் திறந்தது புருஷன்.
உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது:
‘வேண்டாமெண்டு சொல்லுங்கோ.
நான் நடக்கப் போறன்.’
பனியை வழித்துப் பலகையைப் போட்டோம்.
நான் ஏறியிருக்கலாம்.
வேண்டாமென்ற வீட்டுக்குள் உருண்டு போக
வேறொரு பலகை வேண்டும்.
திரும்பி வந்தோம். அது அங்கேயே கிடந்தது.

தம்பி ஒட்டுப்பலகையில் ஒன்று அடித்தான்.
மலை மாதிரிச் செங்குத்து.
மூன்று பேர் பிடித்துப் பின்பக்கமாக இழுக்க
நான் அவனுடைய ஆணிகளையெல்லாம் திட்டிக்கொண்டு
மருமகளின் கேக்குக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பங்குனியில் ஒரு இரவு, பதினொன்றரை.
தெரியாத இலக்கம். வணக்கமும் இல்லை, பெயரும் இல்லை.
‘பிளேனில எப்பிடி மூத்திரம் போறது?’
‘எங்க போறீர்?’
‘ஒரு இடமும் இல்லை. சும்மா கேட்டன்.’

சொன்னேன்.
எந்த அளவுக் குழாய், எந்த மருந்துக்கடை
வீட்டுக்கே கொண்டுவந்து தரும்,
எந்தக் கல்யாண மண்டபத்தில்
எங்களுக்கென்று எழுதிய கழிப்பறைக்குள்
உபரிக் கதிரைகளை அடுக்கி வைத்திருப்பார்கள்,
எந்தப் படிவத்தில் ‘முடியும்’ என்று
ரோசத்துக்கு எழுதக்கூடாது.
வயிறு இளக எத்தனை மணிக்கு என்ன குடிப்பது என்பதில்
கொஞ்சம் சண்டையும் பிடித்தோம்.
‘உங்கட கால் எத்தினை மணிக்கு ஆடும்?’
‘நாலு.’
‘என்ர நாலரை.’
அவள் சிரித்தாளா மூக்கைச் சீறினாளா
போனில் சரியாகப் பிடிபடவில்லை.

நடப்பாளா என்று அவளும் கேட்கவில்லை,
நானும் தொடவில்லை.

காலையில் ஒரு படம் வந்திருந்தது.
பலகையைக் கவிழ்த்து எடுத்தது.
பெயர் எழுதவில்லை அவள்.
விக்னகுமாரின் வரிக்குப் பக்கத்தில்
நீல மையில், சரிந்த எழுத்தில்
ஒரு சொல்:

‘இறுக்கியாச்சு.’