படம் தெளிவாக இல்லை

என்று மூன்றாவது தடவையாகச் சொல்கிறது ஆப்.
கதவு தெரிய வேண்டும், கதவெண் தெரிய வேண்டும்,
காலடியில் பொட்டலம் தெரிய வேண்டும்.
எனக்குத் தெரிவதோ
தண்ணீருக்கடியில் கிடக்கிற ஒரு கதவு.

சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்தாயிற்று.
வாங்கிய நாளிலிருந்து உரிக்காமல் விட்ட
பிளாஸ்டிக் தோலை நகத்தால் உரித்தாயிற்று.
திரையைத் தொட்டுப் பிடித்து, மூச்சையும் பிடித்து,
முழங்கையைச் சுவரில் ஊன்றி,
குழந்தைக்கு ஊசி போடப் போகிறவளைப்போல
நின்றும் ஆயிற்று.
மங்கிய படம் ஒன்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் பிடித்தம்.
போன வாரம் மட்டும் நூற்று எண்பது.

எஸ்.பி. ரோட்டில், மூத்திர வாடையடிக்கும் சந்தில்,
முபீன் என் போனை வாங்கிக் காதில் வைத்தான்.
கேமராவைப் பார்ப்பார்கள்.
கேட்கிறவனை அன்றுதான் பார்த்தேன்.
"உள்ள வண்டு கத்துது மேடம், நீங்களே கேளுங்க."
மெய்தான். கத்தியது.
"வண்டியில மாட்டி ஓட்டுறீங்களா?"
மாட்டாமல்?
சில்க் போர்டு தொடங்கி சர்ஜாபூர் ரோடு வரைக்கும்
ஒவ்வொரு குழியும், இன்ஜினின் ஒவ்வொரு உதறலும்
ஹேண்டில்பார் வழியாக ஏறி
அந்தச் சின்னக் கண்ணுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது.
கை நடுங்கினாலும் படம் நடுங்காதிருக்க
லென்ஸை ஏதோ சுருளில் தொங்கவிட்டிருக்கிறார்களாம்.
தாங்கத் தாங்க
தாங்குவதற்கென்று இருந்ததே
நடுங்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

புதுக் கேமரா மூவாயிரத்து இருநூறு.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
செத்துப்போன இயர்போன் ஒன்றை உடைத்து
பயறளவு காந்தத்தை எடுத்தான்.
கேமரா ஓரத்தில் வைத்தான்.
வண்டு நின்றது.
எதிர்க்கடைப் பலகையின் கன்னட எழுத்துகள்
ஒவ்வொன்றாகத் தங்கள் வளைவுக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தன.

"படம் எடுத்ததும் கழட்டிடுங்க,
இல்லேன்னா மேப்புக்கு வடக்கு தெரியாது."

அப்படித்தான் ஒரு மாதம்.
கதவுக்குக் கதவு வைப்பேன், எடுப்பேன்.
தெளிவு வேண்டுமென்றால் திசையில்லை,
திசை வேண்டுமென்றால் தெளிவில்லை.
இதைத் தத்துவமாக்க நேரமில்லை,
பதினோரு நிமிடத்தில் அடுத்த ஆர்டர்.

நேற்று ராத்திரி பெல்லந்தூரில்
பையைத் துழாவினேன்.
சில்லறை இருந்தது, ரப்பர் பேண்ட் இருந்தது,
யாரோ வேண்டாமென்று விட்ட கெச்சப் இருந்தது.
காந்தம் இல்லை.
மேலே விட மாட்டார்கள், கேட்டிலேயே கொடு என்றார்கள்.
ஆகக் கதவுக்குப் பதில் காவலர்.
தொப்பியை நேராக்கிக்கொண்டு நின்றார்.
எடுத்தேன்.
எட்டிப் பார்த்து, இந்தியில் கேட்டார்:
என் முகம் எங்கே?

எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில்
வண்டையும் காந்தத்தையும் சொன்னேன்.
வண்டுக்கு இந்தியில் என்னவென்று தெரியாததால்
வாயால் ரீங்கரித்தும் காட்டினேன்.

கொஞ்சம் யோசித்தார்.
சட்டைக்குள் கைவிட்டார்.
நெஞ்சில் ஜதுமணி என்ற பெயர்ப்பட்டை.
துணிக்குப் பின்னாலிருந்து அதைப் பிடித்திருந்தது
ஒரு காந்தத் துண்டு.
பெயரை மேசைமேல் வைத்தார்,
காந்தத்தை என் உள்ளங்கையில்.

வந்தார்.
இடது புருவத்தில் பழைய தையல்,
நிறம் மாறிய மேல் பொத்தான்,
தனக்கே வந்ததைப்போல
பொட்டலத்தை இரு கையாலும் பிடித்திருந்த பிடி.
ஆப் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

எனக்கும் அனுப்பு என்றார்.
அனுப்பினேன்.
விரல்களால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.
வெளுத்த சட்டையில்
பெயர் இருந்த இடம் மட்டும் நல்ல நீலம்.

காந்தத்தைக் கொடுத்துவிட்டு மேப்பைத் திறந்தேன்.
போனுக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை,
அம்பு தன்னையே சுற்றிக்கொண்டிருந்தது.
ஹரளூர் ரோடு எந்தப் பக்கம்?

இரண்டு கையாலும்
பெயரை மாட்டிக்கொண்டிருந்தவர்
மோவாயால் காட்டினார்.