நடுக்கைப்பிடி

முதல் சனிக்கிழமை நாங்கள் ஒன்பது பேர்.
நகரசபை தந்தது பன்னிரண்டு சோடி கையுறை,
ஊசி பொறுக்க நீண்ட இடுக்கி இரண்டு,
கையொப்பமிட ஒரு தாள்.
வுப்பர்ட்டாலில் இந்தப் பூங்காவுக்கும் ஒரு பெயர் இருந்தது.
பலகைமேல் முட்கொடி ஏறி
கடைசி மூன்றெழுத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது.

வற்றிய தொட்டிக்குள் கடைத் தள்ளுவண்டி நான்கு.
பம்பு அறைக்குள் பழைய தொலைபேசிப் புத்தகம்.
ஷெவ்கெத் அதைப் பிரித்துத்
தகப்பனின் இலக்கத்தைத் தேடினான்.
இருந்தது.
குப்பைப் பைக்குள் போட நீட்டிய கையை
மடக்கிக்கொண்டு
புத்தகத்தைத் தன் ஜாக்கெட்டுக்குள் வைத்தான்.

ஆற்றின்மேல் தொங்கிக்கொண்டு ஓடும் ரயில்
ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம்
எங்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

ஐப்பசிக் குளிரில் கூட்டம், தேவாலய நிலவறையில்.
'எல்லோரையும் வரவேற்கும் பூங்கா' என்று
தாளில் முதல் வரி.
எல்லோரையும் என்ற சொல்லில்
இரண்டு மணித்தியாலம் நின்றோம்.

வீப்கே அட்டவணையை விரித்தாள்:
புது இருக்கை, நடுவில் இரும்புக் கைப்பிடி.
முதியவர்கள் ஊன்றி எழும்ப என்று எழுதியிருந்தது,
படத்தில் ஒரு கிழவர் சிரித்துக்கொண்டு.
டெட்லெஃபின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.
அவனைத்தான் எல்லோரும் நினைத்தோம்.

எங்கள் பேச்சில் இதற்கு வாங்கு என்று பெயர்.
வாங்கு என்றால் பெற்றுக்கொள் என்றும்தான்.
ஜெர்மனில் இதுவும் காசு வைக்கும் வங்கியும் ஒரே சொல்.
எவ்வளவு இருப்பு உள்ளவனுக்கு எவ்வளவு நீளம்
என்றுதான் அன்றிரவு தீர்மானித்தோம்.
ஒரு மீற்றர் எண்பதை நடுவால் பிளந்தால்
தொண்ணூறும் தொண்ணூறும்.
தொண்ணூறில் ஒருவரும் கண்ணயர ஏலாது.

ஏழுக்கு ஐந்து.
ஏழில் ஒரு கை என்னுடையது.
மகள் கராத்தே முடிந்து இருட்டில்
அந்த வழியால்தான் வருகிறாள்.
இதைக் காரணம் என்றும் சொல்லலாம்,
சாட்டு என்றும் சொல்லலாம்.

லிப்ட் திருத்தும் வேலை எனக்கு;
துளைக்கும் மெசின் என்னிடம்தான் இருந்தது.
எட்டு வாங்கு, எட்டுக் கைப்பிடி, முப்பத்திரண்டு ஆணி.
மூன்றாவதில் பலகை ஆடியது.
பின்னாலிருந்து ஒரு கை வந்து இறுக்கிப் பிடித்தது.
'கோணல், இடப்பக்கம் ரெண்டு மில்லி' என்றான் டெட்லெஃப்.
சோலிங்கனில் பூட்டுத் தொழிற்சாலையில்
பத்தொன்பது வருசம் இருந்தவனாம்.
எதற்கு இந்த இரும்பு என்று அவன் கேட்கவில்லை.
ஆணிகளை உள்ளங்கையில் ஏந்தி
ஒவ்வொன்றாய் எடுத்துத் தந்தான்,
நான் கேட்குமுன்னரே.
நாலாவது, ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது.

எட்டாவது வாங்கு லின்டன் மரத்தடியில்.
நான்கு துளையும் போட்டாயிற்று.
அவன் ஆணியை நீட்டினான்.
பற்றரி முடிந்துவிட்டது என்றேன்.
மெசினில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
இருவருமே அதைப் பார்த்தோம்.

அந்தக் கைப்பிடி இப்போதும் என் நிலவறையில்,
சைக்கிள் பம்புக்கும் பெயின்ட் வாளிக்கும் நடுவில்.
ஏழு பொருத்தியதற்கு அது ஒன்றும் ஈடில்லை,
தெரியும்.

திறப்புவிழா அன்று தொட்டியில் தண்ணீர் விட்டார்கள்.
முதலில் கறுப்பாக வந்தது, பிறகு மண்ணிறம்,
பேச்சுகள் முடிந்தபிறகுதான் தெளிந்தது.
பிள்ளைகள் அதற்குமுன்பே இறங்கிவிட்டார்கள்.
டெட்லெஃப் தோய்த்த சட்டையோடு
மரத்தடி வாங்கின் ஓரத்தில் நிமிர்ந்து இருந்தான்,
கூப்பிட்டு வந்த விருந்தாளி மாதிரி.
வேறு இடமில்லாமல் வீப்கே போய்ப் பக்கத்தில் அமர்ந்தாள்.
பலகையில் விரல் தடவினாள்.
துளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்தாள்.

கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு கையேட்டை எடுத்து,
எல்லோருக்கும் கேட்க வாசித்தபடி எழுதினாள்:
'வாங்கு எட்டு. மழைநீர் வடிய வசதி உண்டு.'