இடது கண்ணுக்கு நிறம் பார்த்தல்

நாலு மணி நேரத்தில்
ஒரு கண்ணை அச்சடித்துவிடும்
கே.கே. நகர் மாடியில் எங்கள் எந்திரம்.
குழியை ஒளியால் அளந்து
இருக்கிற கண்ணைப் படம் பிடித்து
இர்ஃபான் பொத்தானை அழுத்துவான்.
கரண்ட் போகாமல் இருந்தால் சரி.

பவுன்ராஜுக்கு வந்தது குறை சொல்ல முடியாத கண்.
வலது கருவிழியின் ஒவ்வொரு கீற்றும் இதிலும் உண்டு.
அடியோரம் கடுகில் பாதியாய் ஒரு மச்சம்,
அதுவும் தப்பவில்லை.
திரையில் பெரிதாக்கினால்
தண்ணீர் வடிந்த வைகை மணல் மாதிரி
வரி வரியாய்ப் பழுப்பு.

பொருத்தினேன். கண்ணாடியைக் கொடுத்தேன்.
"நல்லாத்தான் இருக்கு" என்றார்,
அடுத்த வீட்டுப் பிள்ளையைச் சொல்கிற குரலில்.

"எங்கண்ணே உறுத்துது?"
"உறுத்தல தாயி.
நல்லாத் தூங்கி எந்திரிச்ச கண்ணா இருக்கு.
நான் என்னைக்குத் தூங்குனேன்?"

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில்
இருபத்திரண்டு வருஷமாகக் கமிஷன் கடை.
ராத்திரி ஒன்றரைக்கு உசிலம்பட்டி வண்டி,
மூன்றுக்கு நிலக்கோட்டை,
விடிவதற்குள் விலை.
தை பிறக்க ஒரு ராத்திரி இருக்கையில்
மல்லி கிலோ நாலாயிரத்தைத் தொட்டபோது
மூட்டை இழுத்த கொக்கி நழுவியது.
விலை சொல்லிக்கொண்டேதான் விழுந்தாராம்.

வெயிலில் பார்ப்போம் என்று கீழே கூட்டிப்போனேன்.
டீக்கடை வாசல், பதினொரு மணி வெளிச்சம்.
நாங்கள் அச்சடித்தது ட்யூப்லைட் வெள்ளை.
அவருடைய வெள்ளையில்
மஞ்சள் இருந்தது, புழுதி இருந்தது,
லாரி விளக்குகள் இருந்தன.
கிளாஸ் கழுவிக்கொண்டே டீ மாஸ்டர் சொன்னார்:
"இந்தப் பக்கம் வாத்தியாரு,
அந்தப் பக்கம் வியாபாரி."
இடது கண் நீங்கலாக
முகம் முழுக்கச் சிரித்தார் பவுன்ராஜ்.

இர்ஃபான் எண்களில் தேடினான்.
சிவப்பை ஏழு கூட்டினான்,
பதினொன்று கூட்டினான்.
திரையில் அந்தக் கண்
வெட்கப்பட்டதே தவிர
களைக்கவில்லை.

அசதி ஒரு நிறமில்லை, இர்ஃபான்.
அது வழி.
ஓரத்தில் கிளம்பி, வளைந்து, கிளை பிரிந்து
கருவிழியைத் தொடாமல்
பாதியில் நின்றுவிடுகிற வழி.

விளக்குத்தூண் பக்கம் வாங்கிய சிவப்புப் பட்டு நூல்.
ஊசி முனையால் ஒரு புரியை எட்டாகப் பிரித்து,
அதில் ஒன்றை எடுத்து
மறுபடியும் பிரித்தேன்.
ஃபேனை நிறுத்தச் சொன்னேன்.
மூக்குப் பக்கம் ஒன்பது நரம்பு, காதுப் பக்கம் ஐந்து.
ஒன்பதாவதை இரண்டு தடவை பிடுங்கினேன்,
ரொம்ப நேராக இருந்தது.
காவியில் ஒரு துளி, மஞ்சளில் அதைவிடக் குறைவு.
மேலே பிசின் ஊற்றி
நீல ஒளியில் வைத்தோம்.
இறுக இரண்டு நிமிடம்.
அந்த இரண்டு நிமிடம் மட்டும்
இர்ஃபான் குறுக்கே எதுவும் பேசவில்லை.

இந்தக் கண் எதையும் பார்க்கப்போவதில்லை.
அளந்தது, அச்சடித்தது, இழை பிரித்தது எல்லாம்
மற்றவர்கள் இதைப்
பார்க்காமல் இருப்பதற்கு.

சாயங்காலம் என் நூல் நரம்புகளை
அவன் படமெடுத்துச் சேமித்துக்கொண்டான்.
அடுத்த முறை எந்திரமே போட்டுப் பார்க்கட்டுமாம்.
கோப்பின் பெயர் 'பவுன்ராஜ் அசதி'.
பார்க்கட்டும்.
அடுத்து வருகிறவள் செக்கானூரணி கபடிக்காரி.
அவளுடைய களைப்பு வேறாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை விடியுமுன்
செல்போனில் ஒரு குரல் பதிவு.
பின்னால் சுமையாட்களின் சத்தம்,
யாரோ சம்பங்கிக்கு விலை கேட்கிறார்கள்.
"திருமங்கலத்து ஏவாரி ஒருத்தன் தாயி,
அர மணி நேரம்
என் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துப் பேசுனான்.
ஒண்ணுமே கேக்கல.
கிலோவுக்கு இருவது ரூவா
கொறைக்கச் சொன்னான்,
அம்புட்டுத்தான்."