ஆடுகளைப் பற்றிக் கேட்டார்

முதலில் இடுப்பில் கூடாரம் போட்டது.
நாலு நாள் இருந்தது.
ஐந்தாம் நாள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு
வலது முழங்காலுக்குப் போய்விட்டது.
நம்மைப் போலத்தான், என்றேன் லுவ்சானிடம்,
புல் தீர்ந்ததும் கிளம்பிவிடுகிறது.
அவன் சிரித்தான். நானும்.
அது ஏப்ரல்.

கோபியில் எந்த வலிக்கும்
ஒரு காரணம் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும்:
இருநூறு ஆடுகளுக்குச் சீப்புப் போட்ட தோள்,
எரிசாணம் சுமந்த முதுகு,
என்றோ குதிரை தள்ளிவிட்ட விலா.
நாற்பத்தாறு வயதில்
வலிக்காவிட்டால்தான் விசாரிக்க வேண்டும்.

மே மாதம் அந்தி சாய்ந்தால் அனல்.
அடுப்பில் இல்லை, என்னில்.
விடிந்தால் நெற்றி கூழாங்கல் மாதிரிக் குளிர்ந்திருக்கும்.
இரவில் மட்டும் வந்துபோகிறவனை
எந்த மருத்துவரிடம் கூட்டிப்போய்க் காட்ட?

போர்வையைப் பிழிந்து காயப்போட்டேன்.
உன்மேல் ஈரப்புல் வாசம் அடிக்கிறது, என்றான் லுவ்சான்,
பாராட்டுவது போல.

பக்கத்துக் கூடாரத்து ஹந்த்சூரன்
எலும்பில் குளிர் ஏறிவிட்டது என்று
குதிரைக் கொழுப்பு தேய்த்துவிட்டாள்.
காகிதத்தில் மடித்து மாத்திரை கொடுத்தாள்.
மூன்று நாள் நன்றாக இருந்தது.
இதுதான் மோசம்,
மூன்று நாள் நன்றாக இருப்பது.

ஜூன். இடைக்கச்சை
ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியது.
துணி நீண்டுவிட்டது என்று நினைத்தேன்,
சத்தியமாக.

பிறகு ஜூலையில் ஒரு காலை
பால் கறக்கக் குந்தியவள் எழ முடியவில்லை.
ஒரு கையால் ஆட்டைப் பிடித்தேன், மறுகையால் மண்ணை.
ஆடு கழுத்தைத் திருப்பி
இன்னும் என்ன என்பதுபோல் பார்த்தது.
அன்றுதான் மோட்டார் சைக்கிளை எடுக்கச் சொன்னேன்.

தொண்ணூறு கிலோமீட்டர்.
ஒவ்வொரு பள்ளமும் என் முதுகெலும்பை எண்ணிப் பார்த்தது.

மருத்துவர் துமென் சின்னப் பையன்,
காதில் பேனா.
என் வலிகளை வரிசையாகச் சொல்ல
வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன்.
பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்:
இந்த வருஷம் உங்கள் ஆடுகள் குறைமாதமாய்க் குட்டி போட்டனவா?

பதினொன்று, என்றேன். எல்லாம் செத்தே விழுந்தன.
யார் கைவிட்டு எடுத்தது?
என் கையைப் பார்த்தேன்.
கையுறை?
கையுறை எங்களுக்குக் குளிருக்கு, ஐயா.

ரத்தம் எடுத்தார். பெரிய ஊருக்கு அனுப்பினார்.
அதற்குள் சுவரோரம் நின்ற லுவ்சான்
யாரும் கேட்காமலே சட்டைக் கையை மடித்தான்.
உனக்கென்ன?
வலி, என்றான்.
எப்போதிருந்து?
மார்ச்.
எங்கே என்று என் முன்னால் சொல்லவில்லை.
மருத்துவர் திரையை இழுத்தார்.

எட்டு நாள் கழித்துத் தொலைபேசியில் ஒரு பெயர் வந்தது.
புரூசெல்லா.
என்னில் குடியிருந்தவனுக்கும்
ஆட்டுக்குட்டிகளைக் கொன்றவனுக்கும்
ஒரே பெயர்.

ஆறு வாரம், இரண்டு விதமான மாத்திரை.
ஒன்று சிறுநீரை ஆரஞ்சாக்கியது,
மணலில் அதைப் பார்த்து நாங்கள் இருவரும்
பிள்ளைகள் மாதிரிச் சிரித்தோம்.
மூன்றாம் வாரமே வலி போய்விட்டது.
நிறுத்திவிடாதீர்கள், என்றிருந்தார் துமென்,
அது போகவில்லை, ஒளிந்திருக்கிறது.
நிறுத்தவில்லை.
பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சினேன்.
ருசி கெட்டதென்று லுவ்சான் முனகினான். முனகட்டும்.

செப்டம்பரில் ஹந்த்சூரன் வந்தாள்.
தோள், என்றாள். குளிர்தான்.
குதிரைக் கொழுப்பை எடுக்கப் போனேன்,
பாதி வழியில் நின்றேன்.
வேலை செய்யாத நாளிலும் வலிக்கிறதா?
அவள் தேநீரை ஊதினாள்.
அந்தியில் உடம்பு காய்கிறதா?
ஊதிக்கொண்டே இருந்தாள்.
உன் கச்சை எத்தனை சுற்று வருகிறது இப்போது?

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு,
வெளியே லுவ்சான்
மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் ஊற்றும் சத்தத்தை
இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.