உள்ளே திறக்கும் கதவு

தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு
அது நின்ற இடத்தில் நாற்காலி போட்டோம்.
எண்ணெய்க் கறைமேல் பதினோரு பேர்.
நியூ மெக்சிகோவின் வடக்கு மூலை, ரியோ செகோ.
அடுத்த மருத்துவமனை மலைக்கு அந்தப் பக்கம்,
பனி இல்லாத நாளில் ஐம்பது நிமிடம்.

ரப்பர் மனிதனுக்கு யாரோ
பேஸ்பால் தொப்பி போட்டிருந்தார்கள்.
சிரித்தோம். கொஞ்சம் அதிகமாகவே.

பயிற்சி தர வந்த டெல்ஃபினா சொன்னாள்:
முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.
பெயர் தெரியாவிட்டால்? என்றான் பல் டாக்டரின் உதவியாளன்.
இந்த ஊரிலா? என்றாள்.

முட்டியால் நெஞ்செலும்பைத் தேய்.
உதடு நீலமாகும் என்று புத்தகம் சொல்லும்;
நம் நிறத்தில் சாம்பலாகும், ஈறைப் பார்.
குறட்டை என்று நினைத்துப் போர்த்திவிட்டுப் போகாதே.
தலையைச் சாய்த்து, ஒரு மூக்கில் நலாக்ஸோன்.
ஐந்து நொடிக்கு ஒரு மூச்சு.
எண்ணு. நிறுத்தாமல் எண்ணு.

வேன் ஓட்டும் எலிசியோவின் உதடு மட்டும் அசைந்தது.
தம்பிக்கு அவன் நானூறு வரை எண்ணியது
அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.
ரப்பர் மனிதனின் தொப்பியைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டான்.

விழித்ததும் நன்றி சொல்ல மாட்டார்கள்.
திட்டுவார்கள், உங்கள் செருப்பில் வாந்தி எடுப்பார்கள்.
விட்டுப் போகாதீர்கள்.
நாம் கொடுத்தது சீக்கிரம் அடங்கும்,
அவர்கள் போட்டது மறுபடி எழும்.
குறித்துக்கொண்டோம்.

கேள்வி உண்டா என்றதும்
பட்டியலில் பெயரில்லாத எர்லிண்டா,
கிளினிக்கில் தரை துடைப்பவள்,
காப்பிக் கோப்பைகளைப் பொறுக்கியபடியே
"கழிவறைக் கதவு உள்பக்கமாகத் திறக்குது" என்றாள்.
யாருக்கும் புரியவில்லை.
"அங்கேதான் போட்டுக்கறாங்க.
விழுந்தா கதவுமேல விழறாங்க.
போன வருஷம் நான் தள்ளிப் பார்த்தேன்."

அந்தக் கதவுக்கு நேரெதிரே
ஏழு வருஷமாக உட்கார்ந்து பெயர் பதிகிறேன்.
'உள்ளே ஆள் உண்டு' என்ற அட்டை
என் கையெழுத்துதான்.

மறுநாள் எலிசியோ திருப்புளியோடு வந்தான்.
கீலெல்லாம் துரு. ஒரு திருகாணி தலை முறிந்து
பாதி மரத்துக்குள்ளேயே இருக்கிறது.

இப்போது வெளிப்பக்கம் திறக்கிறது.
வரிசையில் இருப்பவர் முழங்காலில் இடிக்கிறது.
புகார் சொல்கிறார்கள், எழுதி வைக்கிறேன்.
உள்ளே மூன்று நிமிடம் சத்தமில்லை என்றால்
பேனாவை மூடாமலே எழுந்து போய்த்
தட்டுகிறேன்,
பெயர் சொல்லி.