பதினான்காம் சதுரம்

அதிகாலை நாலேகாலுக்கு வற்றம் என்றது அட்டவணை.
துவாஸ் கடைசிப் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிப்
படகில் பத்து நிமிடம்.
ரோஸ்லான் எஞ்சினை அணைத்ததும்
எண்ணெய் ஆலைகளின் சுடர்கள் மட்டும்
தண்ணீரில் நெளிந்தன.

முழங்கால்வரை சேறு.
ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், வெள்ளைக் குழாய்ச் சட்டம்.
அதைக் கீழே வைத்தால்
உள்ளே இருப்பதெல்லாம் உயிர்,
வெளியே இருப்பது கடல்.
அப்படிப் பிரிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

இங்கேதான் வாய் வைக்கப் போகிறார்கள்,
புதிய ஆலைக்கு.
கடலைக் குடித்து
உப்பை ஓரமாகத் துப்பும் வாய்.

வருடம் முழுக்க மழை பெய்யும் ஊர்.
ஆனாலும் பாலைவன நகரத்தின் கணக்குதான் நமக்கு:
விழுவதைத் தேக்கி வைக்க நிலம் போதாது.
குடை பிடித்துக்கொண்டே தாகப்படுகிறோம்.

முதல் சதுரத்தில் கடற்புல், முப்பது விழுக்காடு.
ஐந்தில் நண்டு வளைகள்.
ஒன்பதில் ஒரு செருப்பு, இடது கால், குழந்தையுடையது.
செருப்புக்குப் பட்டியலில் இடமில்லை.
பதினான்கில்
கடற்குதிரை.

என் சுண்டுவிரல் நீளம்.
புல்லின் தாள் ஒன்றை வாலால் சுற்றிக்கொண்டு,
வயிறு புடைத்து.
ஆண்தான் சுமக்கும் என்றேன்.
"என் பெண்டாட்டிக்கு இது தெரிய வேண்டாம் மிஸ்"
என்றார் ரோஸ்லான் மலாயில்.
எண்ணிக்கை என்ற கட்டத்தில்
1 என்று எழுதினேன்.
வயிற்றுக்குள் இருந்தவற்றுக்குக் கட்டம் இல்லை.

ஹுய் லிங் கணினியில் ஓட்டிக் காட்டிய கடலில்
உப்புக் கரைசல் மஞ்சளாகப் பரவி
முந்நூறு மீட்டரில் வெளிறுகிறது.
நல்ல மஞ்சள். சாமந்தி போல.
உறிஞ்சும் வேகம் மெதுவானது,
நீந்தத் தெரிந்த மீன் தப்பிவிடும்.
கடற்குதிரைக்கு நீந்த அவ்வளவாக வராது,
பிடித்துக்கொள்ளத்தான் வரும்
என்று அடிக்குறிப்பில் போட்டேன்.
மேலாளர் அதைப் பிற்சேர்க்கைக்கு அனுப்பினார்.

தமிழ்ச் சுருக்கத்தையும் நீயே எழுதிவிடு என்றார்கள்.
தாக்கத்துக்கு நான்கு சொற்கள்தாம் அனுமதி:
பெரிது, மிதம், சிறிது,
புறக்கணிக்கத்தக்கது.
ஆங்கிலத்தில் அந்தக் கடைசிச் சொல்
சோப்புக்கட்டி மாதிரி நழுவிப் போய்விடும்.
தமிழில் அதற்குள் ஒரு முதுகு இருக்கிறது.
யாரோ ஒருவர்
திரும்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.
எழுதினேன்.
திரும்பிக்கொண்டது யார் என்று
வாக்கியத்தில் இல்லை.

அன்றிரவு குளியலறையில் சேறு கழுவி நின்றேன்.
லிட்டர் காட்டும் சின்னத் திரை
பச்சையிலிருந்து சிவப்புக்குப் போனது.
இருபத்திரண்டு.
கணுக்காலில் ஒட்டியிருந்த புல்தாள் ஒன்று
அத்தனை தண்ணீருக்கும் அசையவில்லை.
நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
பொதுமக்கள் பார்வைக்கு நான்கு வாரம்,
வேலை நாள்களில், ஒன்பதிலிருந்து ஐந்து வரை.
மூன்று பேர் வந்தார்கள்.
ஒருவர் கழிவறை எங்கே என்று கேட்டார்.
ஒருவர் கட்டணம் ஏறுமா என்று எழுதிவைத்தார்.
மூன்றாமவர் பெயர் எழுதவில்லை.
பிற்சேர்க்கையில், அந்த 1 பக்கத்தில்,
பென்சிலால்:
இது இன்னும் அங்கே இருக்கிறதா?

எல்லாக் கேள்விக்கும் பதில் தர வேண்டும் என்பது விதி.
பத்து வேலை நாள்கள்.
"ஆய்வுக் காலத்தில் பதிவுசெய்யப்பட்டது" என்று
தயாராகவே ஒரு வாக்கியம் இருக்கிறது,
போட்டுவிட்டுப் போகலாம்.

அடுத்த வற்றம் இருபத்தாறாம் தேதி, மூன்று ஐம்பது.
ரோஸ்லானுக்குச் செய்தி அனுப்பினேன்.
படகு வாடகையை எந்தத் தலைப்பில் போடுவது என்று கேட்டார்.
சொந்தச் செலவு.