முதுகும் வாயும்

வியல்சால்மில் நவம்பர்.
நாலரை மணிக்கே விளக்கைப் போட வேண்டியிருக்கிறது.
சமையல் மேசையில் ஈரத் துண்டை விரித்து
கல்லை அதன்மேல் வைத்தேன்.
மேலே வெண்ணெய் மஞ்சள், அடியில் ஊதா,
ஊருக்குப் பின்னாலுள்ள சரிவு பெற்றுப்போட்ட ஒட்டுப்பிறவி.
கத்தி ஃபெலிசியனுடையது.
கை, ஏப்ரலிலிருந்து, என்னுடையது.

டேப் ஒட்டாதே என்கிறார்.
முதுகும் வாயும் ஒன்றாய்த் தேய வேண்டும், அதுதான் கணக்கு.
முதுகு கல்லில் படுத்தால்தான்
எவ்வளவு சாய்வது என்று வாய்க்குத் தெரியும்.
நடுவில் ஒரு சட்டையை மாட்டிவிட்டால்
கல்லுக்கும் இரும்புக்கும் என்ன பேச்சு?
நாக்குக் குழறுகிறது அவருக்கு.
ழிஸ்லேன் என்ற என் பெயரில் பின்பாதிதான் வெளியே வருகிறது.
கோணம் என்ற சொல் மட்டும்
உடையாமல் முழுசாக வந்துவிடுகிறது.

கணக்கு சரிதான்.
மனிதர் அழுத்திவிட்டார்.
தபால் நிலையத்தில் முத்திரை குத்திப் பழகிய கை;
முப்பத்தொரு வருஷம், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும்,
சனிக்கிழமை என்றால் கத்தி கல்லில் ஏறும்.
முதுகில் ஓடிய தங்கக் கொடியில்
இடப்பக்கம் ஒரே ஓர் இலை மிச்சம்.
வலப்பக்கம் அதுவும் இல்லை, வழித்த தட்டு.
சேர்ந்து தேயவில்லை, ஃபெலிசியன்.
முதுகு முந்திக்கொண்டது.
வாய் மெலிந்து மெலிந்து
இப்போது தீட்டத் தீட்ட ஓரம் பொடிகிறது.
பூதக்கண்ணாடியில் பார்த்தேன்:
எலி கரம்பிய கடிதம்.

அடுத்த அறையில் சேற்றுச் சைக்கிள் பந்தயம்.
சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு
எவனோ மேடேறுகிறான், கூட்டம் மணியாட்டுகிறது.
அந்தச் சத்தத்தை நம்பி இழுப்பறையைத் திறந்தேன்.
குளிர்பெட்டி வயருக்கு வாங்கிய கருப்பு டேப்.
முதுகின் மேல் ஒரே ஒரு நீளம்,
சுருக்கம் விழாமல், நகத்தால் நீவி.
ஓரத்தில் பேனா மையைத் தடவி
பத்தே இழுப்பு.
மை பின்னால் அப்படியே இருந்தது;
நுனியில் மட்டும், தலைமயிர் அகலத்துக்கு,
புது வெளிச்சம்.

அப்போதுதான் கவனித்தேன்.
டேப் ஒட்டினால் சத்தம் பாதிதான் வருகிறது.
முதுகு ஊமை. வாய் மட்டும் தனியாக
சிறு குழந்தை அப்பளம் தின்பதுபோல.
அடுத்த அறையில் மணியோசை குறைந்தது.
பிறகு முழுவதும் நின்றது.
அவர் தொலைக்காட்சியை அணைத்திருந்தார்.

நான் நிறுத்தவில்லை.
பால்போலக் கலங்கிய நீரில் கத்தி போய் வந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர்
ஒவ்வோர் இழுப்பையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

டேப்பை உரித்துத் தோல்வாரில் அறுபது தடவை.
ஞாயிறு காலை துண்டைக் கட்டி, நுரை போட்டு,
அவர் தாடையைத் தூக்கினேன்.
உணர்ச்சியில்லாத கன்னத்தில் எப்போதும் தொடங்குவேன்,
தவறினால் வலிக்காது என்று.
இந்த முறை மற்ற கன்னத்தைக் காட்டினார்.
தீட்டிய மரத்திலேயே பதம் பார்ப்பது என்பார்களே,
இங்கே மரம் தானாகவே முன்வந்தது.
கத்தி இறங்கியது. அவர் கண் மூடவில்லை.
கழுவும்போது முதுகோரம் ஒட்டியிருந்த பசையை
இடது கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.
முகர்ந்தும் பார்த்தார்.
நான் துண்டை உதறப் போனேன்.

வியாழக்கிழமை கடைச் சீட்டு.
பால், உருளைக்கிழங்கு, என் எழுத்து.
அதற்குக் கீழே இடது கை எழுத்து,
படி தவறி இறங்குபவன் மாதிரி:
டேப்.
அதை அடித்துவிட்டு
மறுபடியும்:
டேப். கருப்பு வேண்டாம்.